வாசல் வாழையும் ஆறு தட்டு வைரஸும்

எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவிடம் போய், "உங்க வாழையை வேரோட தோண்டிப் போட்டுடுங்க" என்று சொல்லும் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதுவும் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தை மாதத்துக்கு மண்டபம் பிடித்திருந்த நேரத்தில். என் கணவர் அன்றே எச்சரித்தார். "இந்த ஏரியாவுல கோடையிலயும் உப்பில்லாம தண்ணி வர்ற வீடு இது. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?" என்றார். அவருக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், சாயங்காலம் தூங்கிக்கொண்டே திரும்பி வருகிறவருக்கு வாழையைப் பற்றி என்ன கவலை? எனக்கு அப்படிச் சும்மா இருக்க வராது.

நாங்கள் அஸ்தினாபுரத்தில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே அக்காவும் மகளும். அக்காவுக்குக் குரோம்பேட்டை மார்க்கெட்டில் மீன் கடை. கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். கணவர் போன பிறகு தனியாளாக மீன் விற்று இந்த வீட்டைக் கட்டினார். மகள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். அதனால் இந்த வீட்டில் என் பெயரே 'டீச்சரு' தான்.

வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் அக்காவின் வாழைப் புதர். பூவன் வாழை. துணி அலசிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகும். அந்தச் சாப்பாட்டுக்கு அது எப்படி வளராமல் இருக்கும்? தெருவில் யார் புதுமனை புகுந்தாலும் அக்கா எவர்சில்வர் பாத்திரமெல்லாம் கொண்டுபோக மாட்டார். சாக்கில் சுற்றிய ஒரு வாழைக்கன்றுதான் அவர் மொய். "டைல்ஸ் போட்டுக்கினா போதுமா? பின்னால ஒரு பச்ச வேணாவா?" என்று அவரே குழி தோண்டி நட்டுவிட்டும் வருவார். எதிர் வீட்டு வாழை, ரேஷன் கடைப் பக்கத்து வீட்டு வாழை எல்லாமே இந்தப் புதரின் கன்றுகள்தான். வீட்டுக்கு ஜன்னல் கிரில் அடித்துக் கொடுத்த பாய் அனகாபுத்தூரில் வீடு கட்டிப் போனபோதுகூட, ஷேர் ஆட்டோவில் கன்றை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். அது பல வருடத்துக்கு முந்திய கதை.

மகள் கல்யாணத்துக்கு மண்டப வாசலில் கட்டும் இரண்டு வாழை மரமும் இந்தப் புதரிலிருந்துதான் என்பது அக்காவின் முடிவு. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க குப்பத்து மணல்ல வாழ நிக்காது டீச்சரு" என்றார். "என் கல்யாணத்துக்கு, வேற எவன் கல்யாணத்துலயோ கட்டி, காஞ்சிப் போன மரத்த இஸ்துகினு வந்து கட்னாங்க. எல எல்லாம் தொங்கிப் போய் கீது. நான் மாலையப் போட்டுக்கினு அத்தயே பாத்துகினு நின்னேன். அப்பவே நென்ச்சிக்கினேன், நமக்குன்னு ஒரு வூடு வந்தா, அந்த வூட்டுக் கல்யாணத்துக்கு நம்ம மரந்தான் நிக்கணும்னு."

புதரில் ஓங்கி நின்ற இரண்டு மரங்களை அவர் குறித்து வைத்திருந்தார். மார்கழியில் பூத் தள்ளும், தையில் குலையோடு வாசலில் நிற்கும் என்பது கணக்கு. காலையில் பல் துலக்கிக்கொண்டே அந்த இரண்டையும் அவர் தட்டிக் கொடுப்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட பிறகு புதரின் அடியில் முளைத்த கன்றுகள் வேறு மாதிரி இருந்தன. உயரமே போகவில்லை. இலைகள் விரியாமல் ஒடுங்கி, விறைப்பாக மேலே பார்த்துக்கொண்டு, ஒரே கொத்தாக நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. அக்கா அதைக் குள்ள வாழை என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்திருந்தது. அங்கே இருப்பவர்களுக்கு மண் ஏது, பின்பக்கம் ஏது? அவர்களுக்கு இதுவரை கன்று கொடுக்க முடியவில்லையே என்று அக்காவுக்கு ஒரு குறை. காலி பெயிண்ட் பக்கெட்டில் மண் நிரப்பி, குட்டைக் கன்றுகளை நட்டு, "பால்கனிக்கின்னே பொறந்த வாழ" என்று கொடுக்க ஆரம்பித்தார். லிப்டில் போகும் வாழை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஒரு பக்கெட்டை என் கணவரே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார், ஏனென்றால் அந்த வீட்டில் நல்ல ஃபில்டர் காபி கிடைக்கும்.

அந்த வாரம் வகுப்பில் எனக்கு வைரஸ் பாடம். வைரஸ் என்றால் நான் போர்டில் போடுவது எப்போதும் ஒரே படம், பாக்டீரியாவின் மேல் கால் ஊன்றி உட்கார்ந்திருக்கும் அந்த வகை. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அன்று ஒரு பெண் எழுந்து, "மிஸ், செடிக்கெல்லாம் வைரஸ் வருமா?" என்று கேட்டாள். "ஏன் வராது? புகையிலைக்கு வரும், வெண்டைக்கு வரும், வாழைக்கு முடிக்கொத்து நோய் வரும். இலையெல்லாம் குட்டையாகி உச்சியில் கொத்தாக..." என்று ஒப்பித்துக்கொண்டே வந்தவள் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். என் கண்ணில் வரிசையாகப் பெயிண்ட் பக்கெட்டுகள் வந்து நின்றன.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போனேன். ஒரு குட்டைக் கன்றின் இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நரம்பு ஓரமாகக் கரும்பச்சையில் ஒரு புள்ளி, ஒரு கோடு, மறுபடி புள்ளி. மட்டையை விலக்கினால் உள்ளே பழுப்பு நிறத்தில் அசுவினிப் பூச்சிகள், கடுகை அப்பி வைத்தாற்போல். அவற்றைச் சுற்றி எறும்புகள்.

அக்கா துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து அரிவாள்மனையில் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இது குள்ள வாழை இல்ல. இதுக்கு வைரஸ் வந்திருக்கு" என்றேன்.

"வைரசா? எப்ப தும்முச்சு அது?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த வைரஸ்ன்றது இன்னா டீச்சரு? உசுரு கீதா அதுக்கு, இல்லியா?" என்றார்.

"வெளியில இருக்கும்போது உயிரில்லக்கா. சாப்பிடாது, மூச்சு விடாது, வளராது. புரதத்துல செஞ்ச ஒரு ஓடு, உள்ள ஒரு நூல். அவ்வளவுதான் அது. அந்த நூல்ல இருக்கறது, என்னை மாதிரியே இன்னொண்ணு செய்யுங்கற குறிப்பு."

"செய்யின்னா, யாரு செய்வா?"

இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் அன்றைக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்திருப்பேன். முதல் நாள்தான் அக்கா கல்யாணச் சமையலுக்கு மாஸ்டரைப் பேசிவிட்டு வந்திருந்தார். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

"உங்க கல்யாணச் சமையக்கட்டுன்னு வெச்சுக்குங்க. அரிசி உங்களுது, அடுப்பு உங்களுது, ஆளுங்க உங்க ஆளுங்க. எவனோ ஒருத்தன் வெறுங்கையோட உள்ள வந்து, மாஸ்டர் கையில இருக்கற மெனு சீட்டை மட்டும் மாத்தி வெச்சுடறான். மாஸ்டர் அதைப் பார்த்து அவன் கேட்டதையே செஞ்சுகிட்டு இருக்கார். செஞ்சதைப் பார்சல் கட்டறார். ஒவ்வொரு பார்சல்லயும் அந்தச் சீட்டுல ஒரு நகல். பார்சல் எல்லாம் பக்கத்துச் சமையக்கட்டுக்குப் போகுது. அங்கயும் இதே கதை. நம்ம பந்தியில உட்கார்ந்தவங்க பட்டினி. செடிக்குள்ள அந்தச் சமையக்கட்டுதான் செல். ஒரு இலையில எத்தனை கோடி செல் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

"மாஸ்டருக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?"

"பாவம், சீட்டு அதே எழுத்துலதானே இருக்கு. அவருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா மீனை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. யாராவது காது கொடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "இந்த வாழை வைரஸ்ல இன்னொரு வேடிக்கைக்கா. குறிப்பு முழுசா ஒரே ஓட்டுக்குள்ள இல்ல. ஆறு துண்டு, ஆறும் வட்டம். ஆறும் தனித்தனி ஓட்டுக்குள்ள போகுது. நகல் எடுக்கறதுக்கு ஒரு துண்டு, ஓடு செய்யறதுக்கு ஒரு துண்டு, அடுத்த செல்லுக்குப் போறதுக்கு ஒரு துண்டு, இப்படி."

"சீர்வரிசத் தட்டுன்னு சொல்லு" என்றார் அக்கா. "ஒருத்தி கையில பழம், ஒருத்தி கையில பொடவ, ஒருத்தி கையில மஞ்சா குங்குமம். அல்லாத் தட்டும் வந்தாத்தான் காரியம் நடக்கும்."

நான் அசந்துபோனேன். இத்தனை வருடம் பாடம் எடுத்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது. "அதேதான். தட்டைத் தூக்கிட்டு வர்றது இந்தப் பூச்சி. நோய் வந்த மரத்துல சாறு உறிஞ்சும்போது ஆயிரக்கணக்குல தட்டு அது உடம்புல ஏறிக்கும். அடுத்த மரத்துல போய் வாய் வெச்சா அங்க இறங்கிடும்" என்றேன். எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர் கேட்டதற்கு, என்னால் ஊகம்தான் சொல்ல முடிந்தது. ஆடிக்கு முன்னால் மண்டபத்தில் அவிழ்த்துப் போட்ட கல்யாண மரம் ஒன்றை, தண்டுக் கூட்டுக்காக அக்கா கொண்டுவந்து இந்தப் புதரின் மேல்தான் சாய்த்து வைத்திருந்தார்.

"சரி, இன்னா மருந்து அடிக்கணும்?"

"மருந்து கிடையாதுக்கா. வேலை செய்யறதெல்லாம் நம்ம மாஸ்டர்தானே, அவரை அடக்க மருந்து குடுத்தா மரமே போயிடும். கிழங்கோட தோண்டி எடுக்கணும்."

"கன்னத்தான சொல்ற?"

"புதரையே, அக்கா. எல்லாம் ஒரே கிழங்கு. அந்த ரெண்டு மரமும்."

அரிவாள்மனை மடங்கும் சத்தம் கேட்டது. "கல்யாண வூட்ல வந்து நின்னுகினு வாழய வெட்டுன்ற. நல்ல வார்த்தையே வராதா ஒன் வாய்ல?" என்று சொல்லிவிட்டு, பாதி ஆய்ந்த மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் வருவது நின்றது. வாரத்தில் பாதி நாள் அக்கா வீட்டுக் குழம்பில் ஒரு கிண்ணம் மாடிக்கு வருவது வழக்கம். என்னைவிட என் கணவருக்குத்தான் அது பெரிய இடி. "வைரஸ் வாழைக்கு வந்ததா, என் தட்டுக்கு வந்ததா?" என்று தினமும் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்பார். மாடிப்படியில் எதிரே வந்தால் அக்கா செல்போனைக் காதில் வைத்துக்கொள்வார். மகள் மட்டும் ஒருநாள் கேட் அருகே நிறுத்தி, "அம்மாவுக்குக் கோவம் இல்ல டீச்சர், பயம். நீங்க சொன்னது நிஜமா இருந்துடுமோன்னு பயம்" என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். அந்த இரண்டு மரங்களும் பார்க்க நன்றாகவே இருந்தன. இந்த ஒரு விஷயத்தில் நான் தப்பாக இருந்து, ஊரே என்னைக் கேலி செய்யட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு காலை, கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்.

"டீச்சரு, இங்க வந்து பாரு. பூ தள்ளிட்ச்சி. வைரசாம் வைரசு."

ஓடினேன். மகளும் வந்து நின்றாள். உயரமான மரத்தின் உச்சியிலிருந்து பூ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷம் பொங்கியது. அப்புறம்தான் பார்த்தேன். அந்தச் சிவந்த மடலின் நுனியில் பச்சை. நுனி சுருண்டு, இலையாகிவிடப் பார்ப்பதுபோல் இருந்தது. பச்சையில் அதே புள்ளி, அதே கோடு. என் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"இன்னா, ஒன் மூஞ்சி ஒருமாதிரி பூட்ச்சி?" என்றார் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

"பொய் சொல்லாத. மீனு நேத்தியதுன்னு கண்டுக்கினு, அத்த சொல்லாம நவுந்து போறவங்க மூஞ்சி இப்டித்தான் இருக்கும். எத்தினி மூஞ்சி பாத்திருப்பேன்."

துவைக்கிற கல்மேல் ஏறினார். மரத்தின் இலை ஒன்றை வளைத்து, அன்று நான் காட்டியதுபோலவே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "புள்ளி, கோடு, புள்ளி" என்று மெதுவாகச் சொன்னார். "கீது டீச்சரு." இறங்கி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. அந்த இரண்டு மரத்துக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு.

"எத்தினி வூட்டுக்குக் குட்தேன். ஆசையா வாங்கிக்கினாங்களே. அல்லார் வூட்லயும் நானே கொண்டுபோய் வெச்சுட்டு வந்துகீறேனே."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் நேராகக் கடப்பாரையை எடுத்துவிட்டார். அக்கா முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சே கிடையாது. நான்தான் குறுக்கே விழுந்து தடுக்க வேண்டியிருந்தது. மரத்தை முதலில் சாய்த்தால் பூச்சியெல்லாம் கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். தட்டு தூக்குகிறவர்களை முதலில் கவனிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைக் கரைத்து, குருத்திலும் மட்டை இடுக்கிலும் அடியிலும் நன்றாக ஊற்றி, பூச்சி செத்த பிறகுதான் கடப்பாரை. தோண்டும் வேலைக்குச் சனிக்கிழமை என் கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினேன். கிழங்கைத் துளி விடாமல் எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மூட்டை கட்டி மொட்டை மாடி வெயிலில் போட்டோம். அவருக்கு உள்ளங்கையெல்லாம் கொப்புளம். அன்று மாலை மாடிக்கு ஒரு கிண்ணம் வஞ்சிரக் குழம்பு வந்தது. "கொப்புளம் போனாப் போகுது" என்று அவர் இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது தெரு வேட்டை. யார் யாருக்குக் கன்று கொடுத்தோம் என்பது அக்காவுக்கு ஒன்று விடாமல் நினைவிருந்தது. நானும் அவரும் வீடு வீடாகப் போனோம். வாசலில் நின்றதும் அக்கா கூச்சத்தில் நெளிவார். "குட்தத திருப்பிக் கேக்கறதுக்குத்தான் வந்துகீறேன். பேஜாராப் பூட்ச்சி" என்று ஆரம்பிப்பார். முதல் இரண்டு வீட்டில் விளக்கம் நான் சொன்னேன். மூன்றாவது வீட்டிலிருந்து அக்காவே எடுத்துக்கொண்டார், என்னை ஓரங்கட்டிவிட்டு.

தெருமுனைக் குடியிருப்பில் ஒரு அம்மாள் மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். பால்கனி வாழையோடு தினமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறவர். "என் பிளாண்ட் ஹெல்தியாத்தான் இருக்கு" என்றார்.

"ஹெல்தியா கீதுன்னு நீ நென்ச்சிகினு கீற" என்றார் அக்கா. "உள்ள சமையக்கட்டுல எவனோ பூந்து சீட்ட மாத்திட்டான்மா. மாஸ்டரு பாட்டுக்கு அவனுக்கே ஆக்கிப் போட்டுகினு கீறான். ஏழு தட்டு, ஏழும் வந்து எறங்கிட்ச்சி. இந்த மரம் ஒரு காலத்துலயும் கொல போடாது. குட்டையா கீதுன்னு நானே மயங்கிட்டேன், நீ இன்னா பண்ணுவ?"

ஆறுதான் என்று நான் அக்காவின் முழங்கையை இடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வீட்டில் தட்டு எட்டாகி, அதில் வெற்றிலை பாக்கும் சேர்ந்துகொண்டது. எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. வைரஸும் இப்படித்தானே செய்கிறது. அவசரமாக நகல் எடுக்கும்போது அங்கங்கே பிழை விழும். முக்கால்வாசிப் பிழை உருப்படாமல் போகும், எப்போதாவது ஒன்று முந்தினதைவிட நன்றாக ஓடும். அக்காவின் எட்டுத் தட்டு என் ஆறு தட்டைவிட நன்றாகத்தான் ஓடியது. கொடுக்க மாட்டேன் என்று நின்ற அந்த அம்மாளே கடைசியில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு லிப்டில் இறங்கி வந்துவிட்டார்.

கடைசியாக மிச்சமிருந்தது அனகாபுத்தூர். அது எப்போதோ கொடுத்த கன்று, இத்தனை தூரத்தில் இருக்கிறது, ஒன்றும் இருக்காது என்றேன். அக்கா கேட்கவில்லை. "என் கையால குட்தது. நானே போய்ப் பாத்தாத்தான் தூக்கம் வரும்" என்றார். என் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். பல்லாவரம் நெரிசலில் வழி நெடுக யாரை எப்படித் திட்ட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

பாயின் வீடு ஆற்றுப் பக்கம், ஒரு சந்துக்குள். கிரில் பட்டறையை ஒட்டின கொல்லையில் அந்தப் புதர் நின்றது. பார்த்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். வாழைகள் கூரையைத் தாண்டி நின்றன. இரண்டில் குலை. ஒரு வருடம் ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் போனதாம். கிழங்கிலிருந்து மறுபடி முளைத்து வந்திருக்கிறது. நான் ஸ்டூல் போட்டு ஏறி, மூக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மட்டையை விலக்கிப் பார்த்தேன். கன்றுகளை, பூ மடலை எல்லாம் பார்த்தேன். பாயும் அவர் மனைவியும் என்னை ஏதோ மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுத்தமா இருக்குக்கா" என்றேன். "ஒரு புள்ளி இல்ல."

அக்கா "அப்பாடா" என்று கீழே உட்கார்ந்தார். பாயம்மா டீ கொண்டுவந்தார். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார், எட்டுத் தட்டோடு. கல்யாணம் நெருங்கிவிட்டது, மரத்துக்கு லாரிக்காரனிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்தக் குலை தள்ளிய இரண்டு மரங்களின் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கொடுத்துப் பழகிய கை, கேட்க வரவில்லை. என் வாய் துறுதுறுத்தது. அதற்குள் பாயே சொல்லிவிட்டார்.

"ஏன்க்கா லாரி? இந்த ரெண்டையும் எடுத்துக்குங்க. கல்யாணத்தன்னைக்கு விடியக்காலைல நானே கொண்டுவந்து கட்டறேன்."

"அய்ய, அது ஒன் மரம் பாய். குட்தத திருப்பி வாங்கறதா?"

"அக்கா, ஒரு விஷயம்" என்று நான் புகுந்தேன். "பூவனுக்கு விதை கிடையாது. கிழங்குலேர்ந்து கிழங்காத்தான் வருது. உங்க வீட்டு மரத்துல என்ன இருந்துச்சோ அது அப்படியே இதுல இருக்கு. சயின்ஸ்படி பார்த்தா இது உங்க மரத்தோட பிள்ளைகூட இல்ல, உங்க மரமேதான்."

"அத்த சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்றார் அக்கா. "எனக்குத் தெரியாதா அது என் மரம்னு?"

பாய் சிரித்துக்கொண்டே, "அப்புறம் என்னக்கா? உங்க மரத்தை உங்க வாசல்ல கட்டறதுக்கு என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றார். அக்கா தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பல்லாவரத்தில் அவர் யாரையும் திட்டவில்லை.

கல்யாணத்தன்று தாம்பரம் மண்டப வாசலில் அந்த இரண்டு மரங்களும் குலையோடு நின்றன. பாய் தன் பட்டறையிலிருந்து இரும்புக் கம்பி கொண்டுவந்து, சாயாமல் முறுக்கிக் கட்டியிருந்தார். பனி ஈரம்கூட இலையில் காயவில்லை. வந்தவர்களெல்லாம் குலையைப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் "என்து" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். மண்டபத்துக்குள் போகும்போதும் வரும்போதும் அந்தத் தண்டை ஒரு தட்டுத் தட்டாமல் அவர் தாண்டவில்லை.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த அக்கா, கார் திரும்பியதும் வாழையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்போது பாயம்மா கூட்டத்திலிருந்து வந்து, சாக்கில் சுற்றிய ஒரு கன்றை அக்காவிடம் நீட்டினார். "பழைய குழியில வெக்க வேணாம்னு டீச்சர் சொன்னாங்க. முன்பக்கம் வெச்சுக்குங்க அக்கா" என்றார்.

ஊருக்கெல்லாம் கன்று கொடுத்த அக்கா, ஒருவர் கையிலிருந்து கன்று வாங்கி நான் பார்த்தது அன்றுதான். வாங்கினதும் அவர் செய்த முதல் காரியம், சாக்கை விலக்கி, அந்தச் சின்ன இலையை மண்டபத்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தது. கண்ணீர் வழிய வழிய, நரம்பு நரம்பாகப் பார்த்தார். பிறகு கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என் கையைப் பிடித்தார்.

"ஒரு பொண்ண அனுப்பி வெச்சேன், ஒரு பொண்ணு திரும்பி வந்துட்ச்சி" என்றார். "வா டீச்சரு, வூட்டுக்கு இட்டுக்கினு போலாம்."